யாருக்கான சேவை?

ஐக்கிய அமெரிக்காவில் அரசறிவியல் பயிலும் மாணவர்கள் பெரிதும் நாடுவது ட்றூமன் புலமைப்பரிசிலை. 1975இல் சட்டமாக்கப்பட்ட இது, ஜனாதிபதி ஹரி ட்றூமனுக்கு அந்நாட்டு அரசு எழுப்பிய நினைவுச்சின்னம். (ட்றூமன் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர் என்பது வேறு கதை.)

பட்டமேற்படிப்புக்கு 30,000 டொலர் வரை கிடைக்கும். படிப்பு முடிந்த முதல் ஏழு ஆண்டுகளில் மூன்றைப் பொதுச்சேவையில் கழிக்கவேண்டும். தவறினால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். படித்தவர் சமூகத்துக்குக் கடன்பட்டவர் என்று மேடையில் பேசுவது இலகு. அதை நிபந்தனையாகவே எழுதிவைத்ததை நான் வரவேற்கிறேன்.

ஆனால் எது பொதுச்சேவை? அரசாங்கம், கல்வி, இராணுவம், இலாபநோக்கற்ற அமைப்பு எல்லாமே அதற்குள் அடக்கம். அதாவது சம்பளம் கொடுப்பவர் யார் என்று பார்க்கப்படுகிறதே தவிர, பயன்பெறுபவர் யார் என்று பார்க்கப்படுவதில்லை. ஓர் அகதியை நாடுகடத்தக் கோரி வாதிடும் அரச சட்டத்தரணியும், அவரைக் காக்க வாதிடும் தொண்டுநிறுவனச் சட்டத்தரணியும் இந்தக் கணக்கில் ஒன்றே. வலதுசாரி நீதியரசர் நீல் கோர்சச், வாக்குரிமைக்காகப் போராடிய ஸ்டேசி ஏப்ரம்ஸ் இருவரும் இப்பரிசில் பெற்றவர்கள்தாம். இதைப் பன்மைத்துவம் என்று பாராட்டுவோர் உண்டு. எனக்கோ இது கேள்வியைத் தட்டிக்கழிப்பதாகவே படுகிறது.

இன்னொன்று: புகலிடம் பெற்று அங்கு வாழும் பிள்ளை, பிரஜாவுரிமை கிடைக்கும்வரை விண்ணப்பிக்கவே முடியாது. 1948இல் இடம்பெயர்ந்தோர் சட்டத்தில் ஒப்பமிடும்போதே, அது யூதருக்கும் கத்தோலிக்கருக்கும் பாரபட்சமானது என்று கண்டித்தவர் ட்றூமன். அவர் பெயரைத் தாங்கும் பரிசிலுக்கு இந்த வேலி ஏன் தேவைப்பட்டது?