கயிற்றில் நிற்கும் பைக்

வீடு மாறுகிறவர்களின் பைக்கைக் குட்டியானையில் ஏற்றிக் கட்டுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 2005இல் டாடா ஏஸ் என்கிற இந்தக் குட்டியானை வந்ததிலிருந்து நம் தெருக்களில் அன்றாடம் நடக்கும் வேலைதான். அதற்குள் இருக்கும் கைத்தேர்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

பலகையைச் சாய்த்து வண்டியை மேலே தள்ளியதும், முன்சக்கரத்தைக் கேபின் பக்கத் தகட்டில் நேராக முட்ட வைக்கிறார்கள். விவரம் தெரிந்தவர் சைடு ஸ்டாண்டை நம்புவதில்லை. வண்டியை நிமிர்த்தி, ஸ்டாண்டை மடக்கி, முதல் கியரில் போடுகிறார்.

பிறகுதான் கயிறு. ஹேண்டில்பார் நுனியில் அல்ல, ஃபோர்க்கை இணைக்கும் கீழ்த் தகட்டில் கோக்கிறார். கிளட்ச் கேபிள் நசுங்காதபடி விரலால் ஒதுக்குகிறார். உரசும் இடத்தில் பழைய துணி. இருபக்கமும் முன்னோக்கிச் சாய்வாக இறக்கிக் கொக்கியில் மாட்டுகிறார். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியை அதற்குள் விட்டு இழுக்கிறார். கண்ணி கப்பி போல வேலை செய்ய, முன் ஷாக் மெல்ல அமுங்குகிறது. பாதி அமுங்கியதும் நிறுத்திவிடுகிறார். முழுக்க அமுக்கினால் ஆயில் சீலுக்குக் கேடு. அமுக்காமலே விட்டால் குலுங்கும்போது கயிறு தொய்யும். அமுங்கிய ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் கயிற்றின் விறைப்பு.

பின்சக்கரம் பக்கவாட்டில் நகராமல் இன்னொரு கட்டு. கடைசியாகச் சீட்டைப் பிடித்து ஓர் உலுக்கு: பைக்கோடு சேர்ந்து குட்டியானையே ஆட வேண்டும்.

நைலான் கயிறு போகப்போக நெகிழும். கொஞ்ச தூரம் போனதும் இறங்கி, மறுபடி இழுத்துக் கட்டுகிற டிரைவரிடம் எந்த வண்டியையும் நம்பி ஒப்படைக்கலாம்.