மன்னார்த் தீவின் பெருக்க மரம்

இலங்கையின் வடமேற்கில், நிலம் தாழ்ந்து மணற்பாங்காகக் கிடக்கும் மன்னார்த் தீவில், பனைகளுக்கிடையே தனித்து நிற்கும் பெருக்க மரம், ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளைத் தாயகமாகக் கொண்டது. 1749இல் செனகலுக்குச் சென்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் மிசேல் அதான்சோனின் பெயரால் அதன் பேரினம் அழைக்கப்படுகிறது. அரபு வணிகர் ஒட்டகத் தீவனத்துக்காக இதைக் கொண்டுவந்தனர் என்பது மரபுவழிச் செய்தியாகும். இன்று ஒட்டகம் இல்லை, அவர்களோடு வந்ததாகவே சொல்லப்படும் கழுதைகள் மட்டும் தெருக்களில் திரிகின்றன.

இத்தீவின் பள்ளிமுனையிலுள்ள பெருக்க மரத்தின் அடிச்சுற்றளவு சுமார் 19 மீட்டர். உயரமோ அதில் பாதியைக்கூட எட்டாததால், அது வளர்ந்தது என்பதைவிடப் பருத்தது என்பதே பொருந்தும், பெருக்கம் என்ற பெயரும் அவ்வுருவத்துக்கே வாய்த்ததுபோல் ஒலிக்கிறது. மழைநீரைத் தன்னுள் தேக்கும் பஞ்சு போன்ற தண்டு, இலையுதிர்ந்த கோடைக்காலத்தில் மரத்தைத் தாங்குகிறது. தச்சருக்கு உதவாத அம்மென்மையே கோடரியிலிருந்து அதைக் காத்தது எனக் கருத இடமுண்டு. முதிர்ந்த மரங்களின் நடுப்பகுதி பொந்தாகிவிடுவதால், ஆண்டு வளையங்களை எண்ணி வயதைக் கணிப்பதும் எளிதன்று. நெடுந்தீவிலுள்ள இன்னொரு பெருக்க மரத்தின் பொந்தினுள் ஆட்களே நுழைந்து நிற்கலாம். தமிழகத்தில் பொந்தன்புளி என்றும் யானைப்புளி என்றும் வழங்கும் பெயர்கள், அப்பொந்தையும் பருமனையும், கடினமான ஓட்டுக்குள் மாவுபோல் உலர்ந்திருக்கும் பழச்சதையின் புளிப்பையும் நினைவில் வைத்திருக்கின்றன. மாலையில் மலர்ந்து தலைகீழாகத் தொங்கும் வெண்பூக்களை ஆப்பிரிக்காவில் பழந்தின்னி வௌவால்கள் நாடிவருகின்றன.