அஞ்சு ஸ்டாரும் அட்வான்ஸ் பணமும்

போன மாதம் ஒரகடத்தில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. காசு கொடுக்கப் போனபோது கல்லாவில் இருந்தவர் கியூஆர் அட்டையைத் திருப்பி வைத்தார். "அண்ணே, சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னா கூகுள்ல அஞ்சு ஸ்டார் போட்டு விடுங்க. ஏதாவது குறைன்னா எங்கிட்டயே சொல்லிடுங்க, சரி பண்ணிக்கிறேன்."

சாம்பார் நன்றாகவே இருந்தது. போட்டுவிட்டேன். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் வீடு வரை உறுத்தியது. பாராட்டு ஊருக்குத் தெரிய வேண்டும், குறை கல்லாவைத் தாண்டக் கூடாது என்பதுதானே அதன் பொருள்?

ரிவியூ கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கோபப்பட்டவர் யாரும் கேட்காமலே எழுதிவிடுவார்; திருப்தியாகச் சாப்பிட்டவர் கை கழுவிவிட்டுப் போய்விடுவார். சின்ன வியாபாரி கேட்டால்தான் உண்டு. கூகுளும் கேட்பதைத் தடுக்கவில்லை. தள்ளுபடி, இலவசம் கொடுத்து எழுத வைப்பதையும், நல்லது சொல்பவரை மட்டும் பொறுக்கிக் கேட்பதையும்தான் தடுக்கிறது. அமெரிக்காவில் ஃபேஷன் நோவா என்ற துணி நிறுவனம், நாலு ஸ்டாருக்குக் கீழே வந்ததை எல்லாம் வெளியிடாமல் நிறுத்தி வைத்ததாகப் புகார் எழுந்து, 2022-ல் 42 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே மென்பொருள் செய்ததை இங்கே வாய்ப்பேச்சு செய்கிறது.

நம் நாட்டிலும் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய ரிவியூவை வெளியிடக் கூடாது, எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது கட்டாயம் இல்லை. அதைவிட என் பெரிய குறை, அதன் கவனம் பெரும்பாலும் ரிவியூவை வெளியிடும் தளத்தின் மேல் இருக்கிறது என்பது. கல்லாவில் நடக்கும் பேச்சு அதன் கண்ணில் எப்படிப் படும்?

இந்தப் பகுதிக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் எங்கும் வெளி மாவட்டம், பீகார், ஒடிசா என்று வந்து வேலை பார்ப்பவர்கள். விசாரிக்க உள்ளூரில் சொந்தபந்தம் கிடையாது. எந்த விடுதி, எந்த மெஸ் என்று போனைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் விடுதியைக் காலி செய்தபோது, "ரிவியூ போட்டுட்டு வா தம்பி, அட்வான்ஸ் எடுத்து வைக்கிறேன்" என்றாராம் அங்கே இருந்தவர். மூன்று மாதம் தண்ணீர்ப் பிரச்சனை. ஆனாலும் அஞ்சு ஸ்டார் போட்டான். யாரும் அவனை மிரட்டவில்லை. பணம் அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். அந்த அஞ்சு ஸ்டாரை நம்பி அடுத்த பையன் வந்திருப்பான்.

குறை வெளியே வர வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தச் சாலை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பகுதி விடுதியில் சாப்பாடு விஷமாகி, 150-க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விடுதிகளின் நிலை ஊருக்கே தெரிந்தது. ரிவியூ அதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். கம்பெனி ஒதுக்கும் விடுதியில் தேர்வு செய்யவே வழியில்லை. ஆனால் தேர்வு செய்ய முடிகிற இடத்திலாவது குறையை மூடி வைக்க வேண்டாமே.

ஆகவே கேளுங்கள், ஆனால் எல்லோரிடமும் கேளுங்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த பிறகு கேளுங்கள். பில்லிலேயே "நல்லதோ குறையோ, உள்ளதை எழுதுங்க" என்று அச்சடித்துவிட்டால் யாரையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியதில்லை. குறை வந்தால் அதன் கீழேயே பதில் போடுங்கள்.

அந்த மெஸ்ஸுக்கு மறுபடி போவேன். சாம்பார் அப்படி. இந்த முறை, ரசத்தில் உப்பு கூடியிருந்தால் அதையும் கூகுளிலேயே எழுதுவேன்.