பாடசாலையும் முற்றமும்: சாவகச்சேரியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

இலக்கியம், நாடகம், ஓவியம் ஆகியன குறித்து ஈழத்தில் ஒரு விமர்சன மரபு வளர்ந்துள்ளது. கட்டடக்கலையைப் பொறுத்தமட்டில் அம்மரபு பெரும்பாலும் கோயில் வாயிலுடன் நின்றுவிடுகிறது. ஒரு பிள்ளை பதின்மூன்று ஆண்டுகள் பயிலும் பாடசாலைக் கட்டடம் விமர்சனத்துக்குரிய பொருளாகக் கருதப்படுவதில்லை. அதன் விரிவாக்கம் பற்றிய பேச்சு, எத்தனை வகுப்பறைகள், எத்தனை மாடிகள் என்ற கணக்குடன் முடிந்துவிடுகிறது. கணக்கு அவசியமே, ஆயின் கணக்கு மட்டும் வடிவமைப்பாகிவிடாது.

இதனை ஆராய்வதற்குச் சாவகச்சேரி பொருத்தமானதொரு களமாகும். கண்டி வீதியை ஒட்டி, சந்தையும் கடைத்தெருவும் பேருந்து நிலையமுமாக வளர்ந்த நகர் அது. 1904இல் தோன்றிய இந்துக் கல்லூரி, டிறிபேர்க் கல்லூரி முதலிய பாடசாலைகள் தென்மராட்சியின் கல்வி வரலாற்றில் முக்கிய இடம் வகிப்பன. நகரம் பெருக, நகர்ப்புறப் பாடசாலைகளின் வளவு பெருகுவதில்லை; மதிலுக்கு அப்பால் விரிய நிலமும் கிடைப்பதில்லை.

குடாநாட்டின் பழைய பாடசாலை மண்டபம் ஓட்டுக்கூரையும் அரைச்சுவரும் கொண்டது. சோளகக் காற்று அதனூடே தடையின்றிச் சென்றது. ஒரு வகுப்பின் ஓசை மறுவகுப்பிற் கேட்டது. ஆய்வுகூடமும் நூலகமும் வேண்டப்படும் காலத்திற்கு அம்மண்டபம் போதாது என்பது உண்மை. அதன் இடத்தைப் பிடித்த மாடிக் கட்டடமோ எங்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. தனித்தனி நிதியொதுக்கீட்டில் தனித்தனிக் கட்டடம் எழும்போது, ஒவ்வொன்றும் முற்றத்தில் ஒரு துண்டை விழுங்குகிறது. ஈற்றில் எஞ்சுவது கட்டடங்களுக்கிடையேயான சந்து மாத்திரமே.

முற்றத்தின் இழப்பை அழகியல் இழப்பாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. 1995இன் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியை அடைந்தபோது, பாடசாலைகளும் கோயில்களுமே அவர்களுக்குப் புகலிடமாயின. 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி நகரே இடிபாடாயிற்று. 2002இன் போர்நிறுத்தத்தின் பின்னர் மீளக் கட்டவேண்டியிருந்த ஊரில், பாடசாலையின் திறந்தவெளி ஊரின் பொதுவெளியுமாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நெருக்கமான நிலத்தில் இது இயலுமா என்ற வினா நியாயமானதே. இதற்கான விடையின் ஒரு பகுதி யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலேயே உண்டு. அங்கு கட்டடம் ஓரங்களுக்கு ஒதுங்குகிறது; நடுமுற்றம் ஒளியையும் காற்றையும் உள்ளே தருகிறது. கொழும்பில் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பிஷப்ஸ் கல்லூரிக்கு அமைத்த வகுப்பறைத் தொகுதியும் நோக்கற்பாலது. நகர நெருக்கத்துள் மாடிகளை எழுப்பியபோதும், வெப்பவலயத்தின் வெயிலையும் காற்றையும் அவர் வடிவத்தின் அடிப்படையாகக் கொண்டார்.

இவ்வகையிற் சிந்தித்தால், வகுப்பறைகளின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கின், காலை மாலை வெயில் நேரே தாக்காது. வீதி இரைச்சலின் பக்கத்தில் படிக்கட்டையும் களஞ்சிய அறையையும் வைக்கலாம். கீழ்த்தளத்தின் ஒரு பகுதியைத் திறந்த மண்டபமாக விடின், மழைக்காலத்தில் அதுவே முற்றமாகும். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையிலான தூரத்தை முதலிலேயே வகுத்துக்கொள்ளல் வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவு நிலத்தடி நீரை எளிதில் அடையும்.

மாடி உயர்வதற்கும் ஒரு விலை உண்டு. போரில் அவயவம் இழந்தோர் வாழும் மண்ணில், படியேற இயலாத பிள்ளையையும் ஆசிரியரையும் மறந்த கட்டடம் எத்துணை நவீனமாயினும் குறையுடையதே. நூலகமும் ஒரு ஆய்வுகூடமும் சில வகுப்பறைகளுமேனும் நிலமட்டத்தில் அமைதல் அவசியம்.

ஆகவே, முழு வளவுக்கும் ஒரு திட்டத்தை முதலில் வரைந்து, நிதி கிடைக்குந்தோறும் அத்திட்டத்தின் ஒவ்வொரு பகுதியையும் கட்டுவதே முறையாகும். புதிய கட்டடம் எத்தனை வகுப்பறைகளைத் தருகிறது என்பதோடு, பிள்ளைகள் ஓடி விளையாட எவ்வளவு நிலத்தை விட்டுவைக்கிறது என்பதையும் கல்வியதிகாரிகளும் பெற்றோரும் பழைய மாணவரும் கேட்டல் வேண்டும்.