'விடாது கருப்பு': தெய்வமா, நோயா?

தொலைக்காட்சித் தொடரைப் பற்றி ஆண்டு மலரில் கட்டுரையா என்று சிலர் கேட்கக்கூடும். பீன்யா தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்த நம்மவர்கள் இத்தொடரைப் பற்றி வாதாடிய நுட்பத்தை எந்த இலக்கியக் கூட்டத்திலும் நான் கேட்டதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்' வரிசையில் ஒன்று 'விடாது கருப்பு'. மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. ஒரு கிராமத்தில் தவறு செய்பவர்களைக் குதிரைமேல் வரும் உருவம் தண்டிக்கிறது. காவல் தெய்வமான கருப்பு என்கிறது ஊர். இடையிடையே ராஜேந்திரன் என்னும் சிறுவனின் கதையும் ஓடுகிறது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் டீ நேரத்தில் இரண்டு கட்சி. மதுரைப் பக்கத்து அண்ணன் ஒருவர், "சாமியை மனுஷன்னு சொல்லாதீங்கப்பா, அது கேட்டுக்கிட்டுதான் இருக்கும்" என்பார். ஓசூர்த் தம்பி, "சாமிக்கு எதுக்குண்ணே குதிரை? லாடம் அடிக்க ஒரு ஆள் வேணுமே!" என்பான். லேத் ஓட்டிய பெரியவர் மட்டும் ஒருநாள், "அந்தப் பையன் கதை இப்ப நடக்கிறதே இல்ல, பழசு. அவன்தான் வளந்து இங்க நிக்கிறான்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. முடிவில் அதுவே உண்மையாயிற்று. அந்தச் சிறுவனே பிரம்மா. அவனுக்குள் இருந்த இன்னொருவனே குதிரைக்காரன்.

இந்த மர்மத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சுத் தமிழ்தான் என்பேன். "கருப்பு வந்துச்சு", "கருப்பு அடிச்சிருச்சு" என்று அஃறிணையில் சொல்லுகிறோம். வந்தது தெய்வமா, தெய்வம் இறங்கிய மனிதனா என்பதை அந்த வினைமுற்று காட்டிக்கொடுக்காது. 'வந்தான்' என்றால் ஆள் அகப்பட்டுவிடுவான். தலைப்பும் அப்படியே. தெய்வமும் விடாது, நோயும் விடாது, சிறுவயதில் பட்ட கொடுமையின் நினைவும் விடாது.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சியில் 'வெறிப்பத்து' என்றே ஒரு பகுதி உண்டு. மகளின் மெலிவுக்கு முருகன் காரணம் என்று தாய் வேலனை அழைக்கிறாள். காதலே காரணம் என்பது தோழிக்கும் நமக்கும் தெரியும். கபிலர் நம்மைத் தோழியின் பக்கத்தில் நிறுத்தினார். நாகா நம்மைத் தாயின் இடத்தில் உட்கார வைத்தார். அதனால்தான் டீ நேரம் போதவில்லை.

தொடரில் எனக்கு ஒரு குறை உண்டு. பல ஆளுமை நோய் என்று அப்போது சொல்லப்பட்டதற்கு 1994இலேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். பெயர் போகட்டும். நோயாளியே கொலையாளி என்று முடிப்பது சரியா? மனநோயாளிகள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம். மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' (1993), அதன் வழிவந்த கன்னட 'ஆப்தமித்ரா' (2004), நம் 'சந்திரமுகி' (2005) எல்லாம் இதே பயத்தை வைத்துத்தான் ஓடின.

டீ நேரத்தில் இது விளையாட்டு வாதம். வீட்டுக்குள் வந்தால் அப்படியில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் 28 பேர், சங்கிலியில் கட்டப்பட்ட நிலையிலேயே தீயில் மாண்டார்கள். தெய்வமா நோயா என்ற கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் விலை இதுதான்.

கருப்பை நம்புவதை விடச் சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போது பொங்கல் வையுங்கள். ஆனால் வீட்டில் ஒருவர் தூக்கமில்லாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு இருந்தால், நாம் வாழும் இதே ஊரில் நிமான்ஸ் இருக்கிறது. முதலில் அங்கே அழைத்துப் போங்கள். கருப்பு கோபித்துக்கொள்ளாது.