பொனேரோஸ்: கெட்ட கண்ணா, ஈயாக் கண்ணா?

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் தீமையைக் குறிக்கும் சொற்களுள் ‘பொனேரோஸ்’ என்பது ஒன்று. உழைப்பு, துன்பம் எனப் பொருள்படும் ‘பொனோஸ்’ என்னும் சொல்லோடு உறவுடையது. மத்தேயு நூலில் கெட்ட மரத்தின் கனிக்கும் இதுவே அடைமொழி. விதைப்பவன் உவமையில் சாத்தானுக்கும் இதுவே பெயர். ஆதலின், வருமிடமெல்லாம் ‘கெட்ட’ என்று பெயர்த்துவிடலாம் எனத் தோன்றும். கண்ணோடு சேர்ந்து வரும்போது அது போதாது என்பது என் துணிபு.

அந்நூலின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்ட முதலாளி ஒருவன், விடியலில் வந்தவனுக்கும் அந்திசாயும் வேளையில் வந்தவனுக்கும் ஒரே தெனாரியம் கூலி தருகிறான். முந்தி வந்தோர் முணுமுணுக்கின்றனர். பெரட்டும் சம்பள நாளும் அறிந்த தோட்டத்து மக்களுக்கு இம்முணுமுணுப்பை விளக்க வேண்டுவதில்லை. தன் நற்குணம் கண்டு உன் கண் ‘பொனேரோஸ்’ ஆயிற்றோ என்று முதலாளி ஒருவனைக் கேட்கிறான். இவ்விடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘வன்கண்’ என்னும் சொல்லை ஆண்டது. மிக நன்று. பிறன் பெறுவதைப் பொறாத கண் அது. கிரேக்கத்தில் உள்ள கண் தமிழிலும் நிற்கிறது.

ஆயின் அதே மொழிபெயர்ப்பு, 6ஆம் அதிகாரத்தில் கண்ணை உடலின் விளக்கென்று கூறும் பகுதியில், அதே கிரேக்க அடைமொழியைக் ‘கெட்ட’ என்று பெயர்த்தது. நோயுற்ற கண் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. ஆதலின் இது பிழையன்று. எனினும் பாதிப் பொருளே வந்தது. முன்னும் பின்னும் நோக்குக: முன்னே மண்ணில் செல்வம் சேர்த்தலைப் பற்றிய எச்சரிக்கை, பின்னே கடவுளுக்கும் பொருளுக்கும் ஒருசேர ஊழியம் செய்ய இயலாதென்னும் தீர்ப்பு. இடையில் வருவது கண் மருத்துவம் மட்டும் ஆகுமோ? மேலும், இதற்கு எதிராக நிற்கும் ‘ஹப்லூஸ்’ என்னும் சொல்லின் இனச்சொல்லையே பவுல் வள்ளன்மைக்கு வழங்குகிறார். உபாகமம் 15ஆம் அதிகாரத்தில், விடுதலை ஆண்டு நெருங்குகிறதென்று ஏழைச் சகோதரனுக்குக் கொடுக்க மறுக்கும் கண்ணைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் பொனேரோஸின் வினைச்சொல்லாலேயே குறித்தனர்.

‘கெட்ட கண்’ என்றால் நம்மவர் கண்ணேறு என்று கொள்வர். அதைக் கழிக்க உப்பும் மிளகாயும் போதும்; ஈயாமையைக் கழிக்க அவை போதா. கேட்போன் தன் பணப்பெட்டியை எண்ண வேண்டிய இடத்தில் வேறெதையோ எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறான். இழப்பு இதுவே.

6ஆம் அதிகாரத்திலும் ‘வன்கண்’ என்றே எழுதலாமே எனின், ஒரு தடை உண்டு. திருக்குறளில் அமைச்சனுக்குரிய மனத்திண்மையையும் அச்சொல் குறிக்கும். ஆதலின் ‘ஈயாக் கண்’ என்பது பொருந்தும் என நினைக்கிறேன். இரக்கத்திற்கே ‘கண்ணோட்டம்’ எனப் பெயரிட்ட மொழியில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. இரு மொழியும் வல்லார் ஆராய்ந்து கூறுக.