படகிலிருந்தும் குடிசையிலிருந்தும்

ஹெலோன் ஹபிலாவின் ‘ஆயில் ஆன் வாட்டர்’ (2010) ஒரு கடத்தலைப் பின்தொடரும் நாவல். நைஜர் டெல்டாவில் பிரிட்டிஷ் எண்ணெய்ப் பொறியாளர் ஒருவரின் மனைவி காணாமல்போகிறாள். அவளைத் தேடி இளம் நிருபன் ரூஃபஸும், குடியில் கரைந்துகொண்டிருக்கும் மூத்த பத்திரிகையாளர் ஸாக்கும் படகில் கிளம்புகிறார்கள். அவள் கிடைப்பாளா என்ற கேள்வி எனக்குச் சீக்கிரமே சலித்துவிட்டது. நாவலின் உயிர் கரையோரங்களில் இருக்கிறது: ஆளில்லாத ஊர்கள், எண்ணெய் நாறும் கிணறு, செத்து மிதக்கும் மீன்கள்.

அதிலும் ஒரு மருத்துவர் சொல்லும் கதை. ஓர் ஊரில் எண்ணெய் கிடைக்கிறது. எரிவாயுவைக் கொளுத்தும் சுடர் இரவையும் பகலாக்க, ஊரார் கொண்டாடுகிறார்கள். பிறகு சாவுகள் தொடங்குகின்றன. அவர் இரத்தத்தில் நஞ்சை அளந்து அரசாங்கத்துக்கு அனுப்புகிறார். நன்றி சொல்லி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். இது மிகையல்ல. நாவல் வந்த மறுவருடமே ஓகோனிலாந்து பற்றிய ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை வெளியானது. ஓர் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவைவிட 900 மடங்குக்கும் மேல் பென்சீன் இருந்ததை அது பதிவுசெய்தது.

முன்பொரு முறை எண்ணெய்த் துறை நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் வேலை செய்தேன். கசிவு என்பது அங்கே திரையில் ஒரு சிவப்புக் கட்டம். விவரத்தை நிரப்பினால் பச்சையாகிவிடும். இந்த நாவலை அப்போதே படித்திருந்தால் வேலையை விட்டிருப்பேன் என்று சொல்லமாட்டேன்.

ஹபிலாவிடம் என் குறை வேறு. கைதிகள்மீது பெட்ரோல் ஊற்றும் மேஜர், காட்டில் ஆயுதக்குழு நடத்தும் ‘புரொஃபசர்’, இருவருக்கும் நடுவே நசுங்கும் மீனவர்கள் என்று எல்லாரையும் நிருபனின் கண்வழியே, வந்துபோகிறவனின் கண்வழியே, பார்க்கிறோம். கடைசியில் கடத்தலின் வேர் பொறியாளர் வீட்டுத் தகராறில் போய் முடிகிறது. அங்கே எண்ணெய் தப்பித்துக்கொள்கிறது.

இம்போலோ எம்புவேயின் ‘ஹவ் பியூட்டிஃபுல் வீ வேர்’ (2021) இதே செயலை உள்ளிருந்து காட்டுகிறது. கற்பனை ஊரான கோசாவாவின் பிள்ளைகள் ‘நாங்கள்’ என்று பேசுகிறார்கள். எண்ணெய்க் கம்பெனி ஆட்களின் கார்ச் சாவியை ஊர்ப் பைத்தியக்காரன் பறித்துக்கொள்ள, ஊரே அவர்களைச் சிறைவைக்கிறது. கைதி ஒருவன் நோயில் விழும்போது பிடித்தவர்களே பதறுகிறார்கள். பயங்கரவாதி என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

என்னை உறுத்தியவள் தூலா. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவள், அங்கிருந்து ஊர்த் தோழர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள். கம்பெனியின் சொத்தைச் சேதப்படுத்தலாம் என்கிறாள். இரவில் போய் அதைச் செய்பவர்கள் அவர்கள். பின்னாளில் துப்பாக்கி வாங்குபவர்களும் அவர்களே. தூரத்திலிருந்து வரும் கடிதத்தின் எடையை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.